இருபத்தைந்தாம் தேதி இல்லாத வாடகைக்காரர்

குழாயைச் சரிசெய்வதைவிடக் கெடுப்பதுதான் கஷ்டம் என்று வெண்டலுக்கு அன்றுதான் தெரிந்தது. கால்மணி நேரம் மல்லுக்கட்டி அதைத் தளர்த்தினார். சொட்டு, சொட்டு. திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கினார்.

எல்லாம் முன்பணம் செய்த வேலை. எண்பதுகளில் தென்கொரியாவின் தேகு நகரத்தில் அமெரிக்கர் என்றால் இரண்டு வருட வாடகையை மொத்தமாக முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். அங்கிருந்த அமெரிக்க ராணுவ முகாம் நூலகத்தில் வேலை பார்த்த வெண்டலும் வைத்தார். மற்ற குடித்தனக்காரர்கள் மாதாமாதம் இருபத்தைந்தாம் தேதி வாடகை உறையோடு வீட்டுக்கார அம்மாள் மல்சூனிடம் போவார்கள். அவள் உட்காரவைத்து, பார்லி டீ ஊற்றி, ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசுவாள். அந்தச் சிரிப்பு மாடிவரை வரும். அமெரிக்காவில், ஒகையோவில், மனைவி உயிரோடு இருந்த நாட்களில் அடுப்படியிலிருந்து அப்படித்தான் கேட்கும். சூப் ஆறுவதுகூடத் தெரியாமல் வெண்டல் கேட்டுக்கொண்டிருப்பார். கையில் உறையில்லாத ஆண்பிள்ளை, தனியாக இருக்கிற பெண் வீட்டுக்குள் எதைச் சாக்குச் சொல்லி நுழைவது?

"குழாய் ஒழுகுதும்மா."

"ஐயையோ! ரெண்டு வருஷ வாடகையை முன்னாடியே தந்த மனுஷனுக்கா?" வாசலிலேயே பதறினாள் மல்சூன். "பியோ அண்ணே! ஓடி வாங்க!"

எதிர்க்கடைக் குழாய்க்காரர் பியோ வந்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. டீ என்ற பேச்சே இல்லை.

அடுத்த வாரம் அதே குழாய், அதே பியோ. மூன்றாவது வாரம் வெண்டல் தொட்டதுமே குழாய் பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் தரை வழியே இறங்கி, கீழே மல்சூனின் அரிசி மூட்டையை நனைத்தது.

பியோவை மாடிக்கு அனுப்பிவிட்டு வாசலில் நின்றாள் மல்சூன். வெண்டல் துணிந்துவிட்டார்.

"மீதி முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்கம்மா. எல்லாரையும் மாதிரி மாசாமாசம்..."

மல்சூனின் முகம் வெளுத்தது. "காலி பண்ணப் போறீங்களா? அரிசி போனாப் போகுது சார், நான் ஒரு வார்த்தை சொன்னேனா? தெருவுல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே விசும்பல்.

மாடியில் பியோ மண்டியிட்டு வேலை செய்துகொண்டிருந்தார். வெண்டல் கீழே கிடந்த ஸ்பானரை எடுத்து அவரிடம் நீட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்:

"குழாய் மேல தப்பில்லைங்க. மூணு தடவையும் நான்தான் கழட்டினேன்."

"தெரியும் சார். திருகியிருக்கிற விதத்தைப் பாத்தாலே தெரியாதா, யாரோ படிச்சவர் கைன்னு."

"அப்புறம் ஏன் அந்தம்மாகிட்ட சொல்லல?"

"முதல் நாளே சொல்லிட்டேனே!" பியோ நிமிர்ந்து முதுகை நெட்டி முறித்தார். "அன்னையிலருந்துதான் கூலிக்கு மேல காசு குடுத்து, 'பாவம், அடுத்த தடவை கழட்டுறப்ப அவருக்குக் கை வலிக்கும், லேசா மாட்டிட்டு வாங்க'ன்னு சொல்லி அனுப்புறாங்க."