மாஸ்டரின் சிவப்பு கார்

"காணோம்!" என்று அலறினார் மாஸ்டர்.

"என்னங்க காணோம்?" சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"காரைக் காணோம்!"

கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடியவள், கார் நிறுத்திய இடத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அது இல்லம்மா, இது." மாஸ்டர் மடிக்கணினியைக் காட்டினார். "வலது பக்க அம்புக்குறியை அழுத்தினேன். போய்க்கிட்டே இருந்துச்சு. திரையை விட்டே போயிடுச்சு."

"இடது பக்கத்தை அழுத்தினா திரும்பி வந்துட்டுப் போகுது."

"இடதுக்கு இன்னும் எழுதல," என்றார் மாஸ்டர் சுருதி குறைந்து.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். "இடதுன்னா இடது! இதுல என்ன கஷ்டம்?" என்று காலையிலிருந்து கத்துவதுதான் தொழில். கட்டைவிரல் அளவுள்ள ஒரு சிவப்பு கார் இப்போது அவருக்கே தண்ணி காட்டியது.

கணினியில் நிரல் எழுதும் வகுப்பில் அவர் சேர்ந்தபோது, பாதியில் கைவிட்ட கிடார் அலமாரி மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் நீச்சல் கண்ணாடி. "இதுவும் அங்கதானே போகப்போகுது?" என்று மனைவி கேட்டபோது ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, "வெள்ளிக்கிழமை வகுப்புல எல்லாரும் கணினியில கார் ஓட்டிக் காட்டறோம். வந்து பாரு!" என்று சவால் விட்டிருந்தார். அவள் சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்வார். "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிடுவாளோ என்பதுதான் பயம்.

இடதுக்கு எழுதினார். கார் திரும்பி வந்தது. மேலே போகச் சொன்னார், கீழே போனது. கோபத்தில் கூட்டலையெல்லாம் கழித்தலாக்கி, கழித்தலையெல்லாம் கூட்டலாக்கினார். இப்போது மேலே சரியாகப் போனது. ஆனால் இடது என்றால் வலது, வலது என்றால் இடது. அசல் அவருடைய மாணவர்கள் ஓட்டுவது போலவே இருந்தது. அதையும் ஒருவழியாகச் சரிசெய்தார். திரையை விட்டு ஓடுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

வியாழக்கிழமை காலையில் டீச்சரிடமே கேட்டுவிட்டார். மாலையில் அவருக்குக் கணினி சொல்லித்தரும் டீச்சர், காலையில் அவரிடம் கார் கற்பவர். லைசென்ஸ் டெஸ்டில் ஏற்கெனவே கோட்டை விட்டவர். மறுபடியும் அடுத்த வாரம் டெஸ்ட்.

"டீச்சர், என் கார் ஓரத்தைத் தாண்டி ஓடிடுது. என்ன பண்றது?"

"ஓரம் வந்தா நில்லுன்னு எழுதுங்க மாஸ்டர்," என்றார் டீச்சர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முழுசாக அவர் பக்கம் திரும்பி.

எதிரே சிக்னல் சிவப்பு. பயிற்சிக் காரில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை ஒரே மிதி. கோட்டைத் தொடாமல் கார் நின்றது.

டீச்சரின் முகம் வெளிறிவிட்டது. "நா... நானா நிறுத்தினேன்?"

பேச்சுக் கொடுத்தது தன் தப்பு. திட்ட வாய் வரவில்லை. "பின்ன? நீங்கதான். அருமையான பிரேக்!" என்று கூசாமல் புளுகினார் மாஸ்டர். காரில் ஏறி உட்கார்ந்த டீச்சர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து, ஓரம் வந்தால் நில் என்று எழுதினார். கார் நின்றது. நின்றது நின்றதுதான். எந்தப் பொத்தானுக்கும் மசியவில்லை. அதைச் சரிசெய்யப் போய், புறப்பட்ட இடத்திலிருந்தே நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

வெள்ளிக்கிழமை. வகுப்பில் டீச்சர் உட்பட எல்லோருக்கும் அதே சிவப்பு கார்தான். அவரவர் மேஜையில் ஓட்ட வேண்டும். டீச்சர் அதைத் தன் மேஜையிலிருந்து முன்சுவரின் பெரிய திரைக்கு மாற்றிவிடுவார். முதல் வரிசையில் மனைவி.

"டீச்சர், எனக்குத் தலைவலி. கிளம்பட்டுமா?" மாஸ்டர் கிசுகிசுத்தார். "கார் அசையவே மாட்டேங்குது."

டீச்சர் அவருடைய மேஜையைக் காட்டினார். "உட்காருங்க மாஸ்டர். பெரிய திரையை மட்டும் பாருங்க. கண்ணு ரோட்டுல இருக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க?"

மாஸ்டர் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். "நேரா..." என்று தொழில் வாய் தானாகவே குரல் கொடுத்தது.

பெரிய திரையில் கார் நகர்ந்தது!

"லெஃப்ட்..." இடது பக்கம் போனது. "ரைட்... மெதுவா..." வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. "போதும், நில்லு!" பார்க்கிங் கட்டத்துக்குள் அளவெடுத்தாற்போல் நின்றது.

முதலில் எழுந்து கைதட்டியது மனைவிதான். "என்னங்க, நிஜமாவே ஓட்டிட்டீங்களே!"

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கக் குனிந்தவரின் பார்வை மேஜைமேல் இருந்த தன் கணினியில் விழுந்தது. அதில் அவருடைய கார் புறப்பட்ட இடத்திலேயே கல்லுப் பிள்ளையாராக நின்றுகொண்டிருந்தது.

திடுக்கிட்டு நிமிர்ந்தார். டீச்சர் தன் விசைப்பலகையிலிருந்து விரல்களை எடுத்துவிட்டு எழுந்து வந்து, அவர் காதருகே குனிந்தார்.

"நேத்து சிக்னல்ல காரை நிறுத்தினது நான் இல்லைன்னு எனக்கும் தெரியும் மாஸ்டர்."