கிணறு என் பேச்சைக் கேட்கிறது

அய்யா உண்டு.

சென்னையிலிருக்கும் மாப்பிள்ளை முருகதாஸ் அவர்களுக்கு, திருவட்டாற்றிலிருந்து மாமனார் கிருஷ்ணமணி எழுதுவது. நீங்களும் மகள் சபிதாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உங்கள் மாமி தாணம்மாளும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதப் பயமாக இருக்கிறது. போனைத் தொட அதைவிடப் பயம். அதனால்தான் தபால்.

ஆராய்ச்சி இனி படித்தவர்களின் பூட்டிய அறைக்குள் கிடக்கக் கூடாது, பொதுமக்களும் அளந்து எழுத வேண்டும், எழுதியதை உலகமே பார்க்க வேண்டும் என்று அரசு கொள்கை வகுத்ததும், அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கிற நீங்கள் என்னைக் கிணறு அளக்கும் தன்னார்வலராகச் சேர்த்துவிட்டதும் எனக்குப் பெருமைதான். அளவு நாடா வந்தது, தொப்பி வந்தது, கழுத்தில் மாட்ட அட்டை வந்தது. அட்டையை மாட்டிக்கொண்டுதான் மீன் வாங்கவே போனேன். தினமும் காலையில் நாடாவை இறக்கி, தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்று பார்த்து போனில் போட வேண்டும். கொஞ்ச நாள் ஒழுங்காகச் செய்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது, முழங்கால் மடங்க மறுத்தது, கட்டிலில் கட்டன்சாயாவோடு சாய்ந்தபடியே மனதில் பட்டதைப் போட்டுவந்தேன். கிணற்றை எவன் வந்து எட்டிப் பார்க்கப் போகிறான்?

வந்து எட்டிப் பார்த்தான் பக்கத்து வீட்டு சூசை. அவனுக்கு என் அட்டைமேல் கண். தரவு எல்லோருக்கும் திறந்தது, யாரும் சரிபார்க்கலாம் என்று நீங்கள்தானே போட்டிருக்கிறீர்கள்? சொந்த நாடாவோடு வந்து இறக்கினான். அன்று நான் பத்தொன்பது என்று போட்டிருந்தேன். தண்ணீர் பிசகாமல் பத்தொன்பதில் நின்றது. "அண்ணே, நீரு சத்தியவானாக்கும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். நான் கட்டிலில் சாய்ந்தபடி மனதில் பட்டதைப் போட்ட எண்ணல்லவா அது! எதற்கும் பார்த்துவிடலாம் என்று மறுநாள் வேண்டுமென்றே முப்பது போட்டுவிட்டு ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது மாப்பிள்ளை. உள்ளே யாரோ மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம்.

முந்தாநாள் இருபது போடப்போய், பூஜ்யம் விடுபட்டு இரண்டு விழுந்துவிட்டது. அழிக்கப் பார்த்தால் முடியவில்லை. வெளியிட்டதை அழித்தால் ஒளிவுமறைவு ஆகிவிடுமாம், மறுநாள்தான் புது அளவு போடலாமாம். தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறிவந்து, பகல் முழுக்க ஒரு சிற்றலைகூட இல்லாமல், எங்கள் அடுக்களை ஜன்னலைப் பார்த்தபடியே நின்றது. தாணம்மாள் குடத்தை உள்ளே எடுத்துவைத்துக் கதவைச் சாத்தினாள். "நீங்க சொல்லுதத அது கேக்குதாக்கும். இனி அந்த போனத் தொட்டியன்னா நான் சபிதா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். கல்யாணமான நாள் முதல் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. அவள் போய்விட்டால் இந்தக் கிணற்றோடு நான் ஒற்றைக்கு எப்படி இருப்பேன்? ஆகவே மாப்பிள்ளை, உங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்கிறேன், கடிதம் கண்டவுடன் என் பெயரை எடுத்துவிடுங்கள். தொப்பியைத் துவைத்து அனுப்பிவிடுகிறேன்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். மழையில் நனையாதீர்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

அன்புள்ள மாமா,
கிருஷ்ணமணி

பின்குறிப்பு: என் பெயரை எடுக்க வேண்டாம். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று, தாணம்மாள் அடுக்களையில் இருந்த நேரம் பார்த்து நானே விலகப் பார்த்தேன். விலகும் முன் வீட்டில் எத்தனை பேர் என்று போன் கேட்டது. அவள் வருவதற்குள் போட்ட அவசரத்தில் மூன்று விழுந்துவிட்டது. இப்போது அவள் மூன்று தட்டு வைத்துவிட்டு, "அவரையும் கூப்பிடுங்க, சோறு ஆறுதுல்லா" என்கிறாள். யாரை என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. முன்னறையில் இருமல் கேட்கிறது. நாளைக் காலையில் இரண்டு என்று திருத்திவிடலாம்தான். அப்படிப் போட்டால் மூன்று பேரில் யார் குறைவார்கள் என்று மட்டும் அலுவலகத்தில் விசாரித்து உடனே எழுதுங்கள்.