கறுப்பு ஒயரும் கம்ப்யூட்டர் காரும்

ரேடியோ ரிப்பேர் செய்கிறவனிடம், உலகத்தில் ஒயர் உள்ள எல்லாப் பொருளும் என்றைக்காவது ஒருநாள் வந்து சேரும். அப்போது "எனக்குத் தெரியாது" என்று சொல்லத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது.

எண்பதுகளின் கடைசியில் பழவேற்காடு பஜாரில் எனக்கு ஒரு கடை இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, ஒரு சால்டரிங் அயர்ன், வயிறு திறந்து கிடக்கும் சில டிரான்சிஸ்டர்கள். மெட்ராஸில் ரேடியோ மெக்கானிசம் படித்தவன் என்று போர்டில் போட்டிருந்தேன். (படித்தது உண்மை. பாஸ் செய்தேனா என்பதைப் பற்றிப் போர்டு எதுவும் சொல்லவில்லை.) ஏரிக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள் கொண்டுவரும் ரேடியோக்களுக்குப் பெரும்பாலும் ஒரே வியாதிதான், உப்புக்காற்று. துடைத்து வைத்தால் பாடும். அதை வைத்தே ஊர் என்னை விஞ்ஞானி என்று முடிவு கட்டியிருந்தது. நானும் ஊரோடு ஒத்துப்போயிருந்தேன்.

அப்போதுதான் எங்கள் தெருக்கோடி வீட்டு கரீம் பாய் துபாயிலிருந்து ஒரு ஜப்பான் காரோடு திரும்பினார். வெள்ளைக் கார். ஸ்டார்ட் செய்தால் சத்தமே வராது. ஓடுகிறதா இல்லையா என்று பார்க்கப் பாய் மறுபடி சாவியைத் திருப்புவார், அது கிரீச்சென்று கத்தும். காருக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று அவர் சொன்னதும் ஊரே மிரண்டது. அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர், பொருட்காட்சியில் ஜாதகம் கணித்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர்தான்.

"அப்ப வண்டி எப்போ நிக்கும்னு முன்னாடியே சொல்லிடுமா?" என்று என் அம்மா கேட்டாள்.

வந்த கொஞ்ச நாளில் காரின் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. விளக்கில் ஒரு படம். எனக்கு அது தண்ணீர் இறைக்கும் பம்ப் மாதிரி தெரிந்தது. பாய்க்குக் கோழி மாதிரி. வண்டி என்னவோ நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஏறுகிறவர்கள் எல்லோரும், "இன்னா பாய், கோழி எரியுது?" என்று கேட்டுக் கேட்டு அவர் மானத்தை வாங்கினார்கள்.

ஒருநாள் கையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு கடைக்கு வந்தார்.

"தம்பி, இதுக்குப் பேரு ஆக்ஸிஜன் சென்சார். என் கூட்டாளி துபாய்லேர்ந்து எட்தாந்தான். சைலன்சர் கொழாய்ல இருக்குதாம். பொகைய மோந்து பாத்து கம்ப்யூட்டருக்கு சேதி சொல்ற மூக்காம். நம்ம ஊரு பெட்ரோல்ல ஈயம் கலந்துகிது இல்ல, அது மூக்க அடச்சிட்ச்சாம். நீதான் மாட்டணும்."

"ஆக்ஸிஜனா?" என்றாள் சாப்பாடு கொண்டுவந்திருந்த அம்மா. "அது ஆஸ்பத்திரில சாவக் கெடக்கறவங்களுக்கு வக்கிறது ஆச்சே."

நான் பெட்டியைத் திறந்து, ஏற்கெனவே நாலைந்து மாட்டியவன்போல் தலையாட்டினேன். ஸ்பார்க் பிளக்குக்கு வால் முளைத்த மாதிரி ஒரு சாமான். "இதுவா? ஒரு மணி நேர வேலை பாய்."

எனக்கு இதில் சுயநலம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புக்குளத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. பாய் தன் காரிலேயே அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டர் வைத்த காரில் வருகிறோம் என்று அம்மா பெண் வீட்டுக்கு முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்லியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை காருக்கு அடியில் படுத்தேன். பழைய மூக்கைக் கழற்றியதும் முதல் குழப்பம் வந்தது. பழையதற்கு ஒரே ஒரு ஒயர். புதியதற்கு மூன்று. இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு. அடுத்த குழப்பம், கம்ப்யூட்டர் எங்கே என்பது. டி.வி. மாதிரி ஒன்றைத் தேடி டிக்கி வரைக்கும் போய் வந்தேன். கடைசியில் முன்சீட்டில் உட்காருகிறவர் கால் வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. இதைவிடப் பெரிய பெட்டியில் எங்கள் வீட்டில் கருவாடு இருந்தது.

மூன்று ஒயர்களையும் கையில் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாய் எதிரில் நின்று என் முகத்தையே பார்த்தார். யோசிக்கிறேன் என்று நினைத்திருப்பார். எனக்கு எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் நிஜம். கடைசியில் படித்த படிப்பு கைகொடுத்தது. கறுப்பு என்றால் எர்த். ரேடியோவில் அப்படித்தானே? வெள்ளை ஒன்றை பேட்டரி பிளஸ்ஸில் கொடுத்தேன். இன்னொரு வெள்ளையை பாடியில் முடுக்கினேன். கம்ப்யூட்டரிலிருந்து வரும் ஒயரைக் கறுப்போடு சேர்த்து முறுக்கினேன். பிறகு, கறுப்பாயிற்றே என்று அதையும் கொண்டுபோய் பாடியிலேயே போல்ட் வைத்து இறுக்கினேன். (இறுக்கும்போது விசில் வேறு அடித்தேன்.)

வேலைக்காகக் கழற்றி வைத்திருந்த பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினேன். விளக்கு அணைந்திருந்தது!

பாய் என்னைக் கட்டிக்கொண்டார். "மஜா பண்ட்ட தம்பி! கோழி பூட்ச்சி!"

பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அந்த விளக்கு சும்மாவே கொஞ்ச நேரம் அணைந்திருக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

ஞாயிறு காலை கிளம்பினோம். பாய் சபாரி சூட்டும் கூலிங்கிளாஸும் அத்தருமாக ஸ்டியரிங்கில் இருந்தார். பக்கத்தில் என் நைனா, தகரப்பெட்டியில் முழங்கால் இடித்துவிடாமல் ஒடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் பட்டுப்புடவையில் அம்மாவும், வெள்ளைச் சட்டையில் நானும். பொன்னேரி வரைக்கும் சொகுசு. கும்மிடிப்பூண்டி தாண்டியதும் ஏதோ ஒரு வாடை வந்தது.

"மண்ணெண்ண ஸ்டவ்வ யார்னா பத்த வச்சீங்களா?" என்றார் நைனா.

திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ரோடே காணவில்லை. கறுப்புப் புகை, ரயில் எஞ்சின் மாதிரி. அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு லாரி ஹாரன் மட்டும் கேட்டது.

எளாவூர் செக்போஸ்ட்டில் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். அங்கே நின்றவர் குனிந்து உள்ளே பார்த்தார். "இன்னாய்யா இது, வண்டியா சூளையா?"

நான் விஞ்ஞானி அல்லவா? முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "ஒண்ணுமில்ல சார். கம்ப்யூட்டர் கொஞ்சம் தப்பாப் புரிஞ்சிக்கினு இருக்குது."

கடத்தல் சரக்கோ என்று அவர் முகம் மாறியது. "கம்ப்யூட்டரா? எங்கேர்ந்து எட்தாரீங்க?"

"துபாய்லேர்ந்து" என்றாள் அம்மா, பெருமையாக.

"எறங்கு. எல்லாரும் எறங்கு."

அதன்பிறகு நடந்தது எங்களுக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை. டிக்கியைத் திறந்தார். தாம்பாளமும் வெற்றிலை பாக்கும் பூவும் இருந்தன. பூவுக்கு அடியில் தேடினார். கம்ப்யூட்டர் எங்கே என்று நைனாவிடம் கேட்டார். "கால்கிட்ட இருக்குது" என்றார் நைனா. அவர் நைனாவின் காலைப் பார்த்தார். நான் தகரப்பெட்டியைக் காட்டினேன். தட்டிப் பார்த்தார். "இதுவா? இது இன்னா பண்ணும்?" என்றார்.

"மூக்கு சொல்றத கேக்கும் சார்."

டிக்கியில் இருந்த தாம்பாளத்தை மறுபடி எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கவா போறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "போங்க, போங்க" என்று பரிதாபமாகக் கையசைத்தார்.

சுண்ணாம்புக்குளம் போய்ச் சேர்ந்தபோது கார் விக்கிக்கொண்டு வந்தது. பெண் வீட்டுக்குச் சரியாக எதிரில் கடைசியாக ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கோழி மறுபடி எரிந்துகொண்டிருந்தது. நான் இறங்கிப் பின்னால் ஓடி, குனிந்து, சைலன்சர் குழாய்க்கு நேராக முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன். (என்ன தெரியும் என்று எதிர்பார்த்தேனோ!)

"பாய், ஸ்டார்ட் பண்ணி ஒரு தபா ரேஸ் குடுங்க!"

குடுத்தார். டமால் என்று ஒரு வெடி. சேர்ந்திருந்த கரி முழுவதும் என் முகத்தில் வந்து இறங்கியது.

முன்பக்கம் வாசலுக்கு ஓடிவந்த பெண்ணின் அப்பா, சபாரி சூட்டைப் பார்த்ததும் இரண்டு கையாலும் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க மாப்ளே, வாங்க!"

மூன்று பிள்ளைக்குத் தகப்பனான பாய் கூலிங்கிளாஸைக் கழற்றி, "அண்ணாத்தே, நான் இல்ல" என்றார்.

"அப்ப மாப்ள யாரு?"

"பின்னாடி கிறான்" என்று நைனா கைகாட்டினார். பின்னாடி புகைதான் இருந்தது.

நான் வண்டியின் மறுபக்கமாகப் புழக்கடைப் பக்கம் ஒதுங்கினேன். அங்கே பாவாடை தாவணியில் ஒரு பெண், கையில் தண்ணீர்ச் சொம்போடு வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்திருந்தாள்.

"மெக்கானிக்கண்ணே! மூஞ்சியக் கழுவிக்கினு அப்டி ஓரமாப் போங்கண்ணே. மாப்ள வூட்டுக்காரங்க வந்துகிறாங்க, குறுக்கால நிக்காதீங்க."

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தலை நிறைய பூ, நெற்றியில் சுட்டி, பெண் பார்க்கத் தயாராக வைத்திருந்த அலங்காரம். நான்தான் மாப்பிள்ளை என்று சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"சரி தங்கச்சி."

சொம்பை வாங்கி முகத்தைக் கழுவினேன். கண்ணாடி இல்லாததால் எது போயிற்று, எது போகவில்லை என்று தெரியவில்லை. உள்ளே போய் ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். சொம்பு கொடுத்த அதே பெண், வசந்தா, காபித் தட்டோடு வந்தாள். ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே வந்து என் முன்னால் குனிந்தவள், என் காதைப் பார்த்தாள். காது இன்னும் கரியாகவே இருந்திருக்கிறது. தட்டு ஆடியது. பயத்தில் ஆடுகிறது என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கியதில் ஆடியிருக்கிறது.

"ஐயோ!" என்றாள். "இவர நான் அண்ணேன்னு கூப்ட்டுட்டேம்மா!"

என் அம்மா தலையில் கைவைத்தாள். "நீ இன்னாடா சொன்ன?"

"தங்கச்சின்னு…" என்றேன்.

உறவு முறை தெரியாமல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெண்ணின் அப்பாதான் முதலில் தொண்டையைக் கனைத்தார். "அவ மெக்கானிக்கத்தான கூப்ட்டா? மாப்ளயக் கூப்டலயே?"

"அதுவும் வாஸ்தவம்தான்" என்றார் நைனா. "ஆனா ரெண்டும் ஒரே ஆளாப் பூட்ச்சே."

"பொண்ணு இன்னா சொல்லுது?" என்று கேட்டார் கரீம் பாய்.

வசந்தா கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "அவரு மூஞ்சியவே நான் இன்னும் பாக்கல. மொதல்ல ஒழுங்கா சோப்பு போட்டுக் கழுவிக்கினு வரச் சொல்லுங்க. அப்பால சொல்றேன்."

கிணற்றடியில் என் மாமனார் தண்ணீர் இறைத்து ஊற்ற, அவருடைய சோப்பிலேயே கழுவிக்கொண்டு போனேன். பார்த்தாள். தலையை ஆட்டினாள். ஆட்டியது சம்மதமா, சிரிப்பா என்று அன்று எனக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் பிளக்குகளைக் கழற்றிக் கரியைச் சுரண்டினேன். நான் கொடுத்த மூன்று ஒயர்களையும் வெட்டிப் போட்டேன். கார் பழையபடி சத்தமில்லாமல் ஓடியது, கோழி எரிய எரிய. பாய் அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்.

வெகுகாலம் கழித்து விஷயம் தெரிந்த ஒருவர் விளக்கிச் சொன்னார். அந்தக் கறுப்பு ஒயர் எர்த்தே இல்லையாம். மூக்கு பேசுவதே அதன் வழியாகத்தானாம். அதைப் பாடியில் இறுக்கி நான் அதன் வாயை அடைத்திருக்கிறேன். பெட்ரோல் போதவில்லை போலிருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டினேன். பாதி புரிந்தது.

இன்றைக்கும் வீட்டில் நான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால் சமையலறையிலிருந்து குரல் வரும்: "மெக்கானிக்கண்ணே, மூஞ்சியக் கழுவிக்கினு வாங்க." நானும் "சரி தங்கச்சி" என்பேன். போன மாதம் மிக்ஸியைப் பிரித்தபோது, புதிதாக வந்திருக்கும் எங்கள் மருமகப் பிள்ளை அதை முதல்முறையாகக் கேட்டார். சாப்பிட்ட கை தட்டிலேயே நின்றுவிட்டது. மெல்ல என் மகள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சாப்டுங்க" என்றாள் அவள். "எங்க வூட்ல சொந்தம் கொஞ்சம் சிக்கல்."