சிம்மை அழித்துக் கொடுப்பவர்

குடும்பத்துக்கு ஒரு கைபேசி மேதை உண்டு. பெரும்பாலும் மூத்த மாப்பிள்ளை. யாரும் கேட்காமலே "கொடு, பாக்கறேன்" என்று நீளும் அந்தக் கையை வைத்தே இனத்தைக் கண்டுகொள்ளலாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உதட்டைப் பிதுக்கி, "யாரு இதுல கை வெச்சது?" என்று ஆரம்பிப்பார். அவரைத் தவிர யார் வைப்பார்கள்?

எங்கள் வீட்டு மேதையிடம் போன மாதம் அவர் மச்சினியின் கைபேசி சிக்கியது. அதில் இருப்பது இ-சிம். பாவம் அந்தப் பெண், பல மாதம் வேலை தேடி அலைந்து, கடைசிச் சுற்று நேர்காணலுக்கு அன்று காலை அழைப்பார்கள் என்று பாத்ரூமுக்குக்கூடப் போகாமல் கைபேசியோடு உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் ஒரு கோடு குறைந்தது. அவ்வளவுதான், வந்துவிட்டார்.

"கார்டு சொருகுறதெல்லாம் பழைய கதைம்மா. இதுல சில்லு உள்ளயே ஒட்டியிருக்கு. கம்பெனிக்காரன் உன் நம்பரை நெட் வழியா அதுல ஏத்தியிருக்கான். அழிச்சிட்டு மறுபடி ஏத்துனா சிக்னல் பிச்சிக்கிட்டு வரும்."

முதல் பாதி சரிதான். இந்த இனத்தின் ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

"வேணாம் அத்தான், இப்ப போன் வரும்..."

"அதுக்குத்தானே பண்றேன்!"

அழித்தார். வாங்கும்போது வந்த கியூஆர் படத்தைத் தேடியெடுத்து, தன் கைபேசித் திரையில் வைத்து, அவள் கைபேசியால் ஸ்கேன் செய்தார். 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று வந்தது. கம்பெனியின் செயலியில் புதிது கேட்டார். ஓடிபி அனுப்பிவிட்டோம் என்றார்கள். எந்த எண்ணுக்கு? சற்றுமுன் இவர் அழித்தாரே, அதே எண்ணுக்கு!

நம்பர் திரும்பி வருவதற்குள் மாலையாகிவிட்டது. அதற்குமுன் மின்னஞ்சல் வந்துவிட்டது: பலமுறை அழைத்தும் தொடர்பு கிடைக்கவில்லை, வேறொருவரை எடுத்துக்கொண்டோம்.

"ரெண்டு தடவை கூப்பிட்டுட்டு விட்டுட்டான்னா அது ஒரு கம்பெனியா? நீ போகாததே நல்லது" என்றார் மேதை. அவள் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். "அழிப்பானேன்? அணைச்சுப் போட்டாலே போதுமே, இதுகூடவா அந்த ஆளுக்குத் தெரியல?" என்று பாதியிலேயே முணுமுணுத்தீர்களா? எனக்குக் கேட்டது. அப்படியானால் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது கைபேசியை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தால், அவர்கள் வெளியே வரும்வரை தயவுசெய்து கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.