மேலிருந்து தெரியாத வரப்பு

செம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் வெள்ளிக்கிழமை வந்தால் பஸ் நகராது. அங்கே ஆசிரமம் வைத்திருக்கும் சாமியார் அண்டவெளி ஆனந்தர் விண்வெளிக்குப் போகும் நாள் அது. ராக்கெட் வேண்டாம், எரிபொருள் வேண்டாம். சூட்சும சரீரத்தில் போகிறவருக்கு ஏசி ஓடினால் போதும். உச்சிப்பொழுதில் கண்ணாடி அறைக்குள் கட்டிலில் கண்மூடிப் படுப்பார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, "போயிட்டு வந்துட்டேன்" என்பார். வெளியே கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். குறட்டைச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வெயில் அப்படி.

பூ விவசாயி தங்கமுத்துவை அந்தக் கூட்டத்துக்கு இழுத்துவந்தது டிவி. நிஜமாகவே விண்வெளிக்குப் போய்வந்த ஒருவர் அதில் பேசினார். மேலிருந்து பார்த்தால் எந்த எல்லையும் தெரியாது, கறுப்பு வெளியில் நீலமாய்த் தனியாய் மிதக்கும் பூமியைப் பார்த்து அழுதுவிட்டேன், நமக்கு இருப்பது இது ஒன்றுதான், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தங்கமுத்துவுக்கும் கண் கலங்கிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை ஆனந்தரும் அதையே சொன்னார். இரண்டு பேர் ஒன்றுபோலச் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று தங்கமுத்து முடிவு கட்டினார். ஆனந்தரிடமும் டிவி இருக்குமே என்று அவர் நினைக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் பூமி என்றால் இரண்டு. ஒன்று சூரியனைச் சுற்றுவது. மற்றது பட்டா, கிணறு, மோட்டாரோடு இருப்பது. ஆனந்தர் மேலே போய் முதல் பூமியைப் பார்த்தார். கீழே வந்து இரண்டாவதைக் கேட்டார்.

"தங்கமுத்து, மேலருந்து பாத்தேன். பூமி அழுவுது. அதுலயும் உன் பூமி விம்மி விம்மி அழுவுது. அங்க வரப்புன்னு ஒண்ணு தெரியவே இல்லப்பா. எல்லாம் ஒரே பூமி. இதுல உன்னது என்னதுன்னு என்ன பேச்சு? ஆசிரமத்துக்கு எழுதி வச்சிரு, அழுக நின்னுரும்."

தங்கமுத்துவுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர் சம்பங்கித் தோட்டம். வீட்டில் உலை கொதிப்பது அதனால்தான். கிணறு வற்றிப் பூ வாடிக் கிடந்த சமயம் பார்த்து, பூமி அழுகிறது என்றதும் மனிதர் உருகிப்போனார். வீட்டுக்கு வந்து, வெள்ளிக்கிழமை பத்திரத்தைச் சாமியிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

"வரப்பே தெரியலங்குறாரு. பெறகு நம்ம பூமி எதுன்னு எப்படிக் கண்டாரு?" என்று கேட்டாள் அவர் மனைவி கௌசல்யா.

"அது ஞானக் கண்ணு."

"ஞானக் கண்ணுக்கு நம்ம பூமி தெரியும், நம்ம வரப்பு தெரியாதாக்கும்."

"உனக்கு அதெல்லாம் புரியாது. வெஞ்சனத்த வையி."

கௌசல்யா சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் ஏதோ யோசிக்கிறாள் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து இது தெரிந்த தங்கமுத்து, அன்றைக்குப் பார்த்து மறந்துபோனார்.

வெள்ளிக்கிழமை மஞ்சள் பையில் பத்திரத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் பவுல்ராஜ் வாத்தியார்; பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுப்பவர், அவர் மடியிலும் அதேபோல் பத்திரத்தோடு ஒரு பை. உள்ளே ஆனந்தர் விண்வெளிக்குக் கிளம்பியாகிவிட்டது.

அப்போது கம்பி வேலியின் கேட் வழியாக, 'அந்நியர் நுழையக் கூடாது' என்ற பலகையைத் தாண்டி, கௌசல்யா தன் வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆடுகளுக்கும் எல்லை தெரியவில்லை. ஆனந்தர் ஆசையாய் வளர்த்த அகத்தியில் வாய் வைத்தன. கண்ணாடிக்குள் முதலில் ஒரு கண் திறந்தது. பிறகு இன்னொன்று. அடுத்து கதவே திறந்தது.

"ஏலே, எவன் ஆடு இது? என் பூமிக்குள்ள யாரக் கேட்டு விட்டீக? வெரட்டுங்கலே."

கூட்டம் எழுந்து எட்டிப் பார்த்தது. கௌசல்யா மட்டும் கும்பிட்டாள்.

"வந்துட்டீகளா சாமி? அம்புட்டுத் தூரத்துலருந்து இம்புட்டு வெரசா?"

"உடம்பு இங்கதானம்மா இருந்துச்சு. அதான் சத்தம் போட்டுச்சு."

"சரிங்க சாமி. எல்லாம் ஒரே பூமின்னீக. என் ஆடும் அதத்தான் நம்பி வந்துச்சு. ஒங்க வேலி மட்டும் ஒங்க கண்ணுக்குத் தெரியுது, எங்க வரப்பு தெரிய மாட்டேங்குதே."

ஆனந்தர், மாயை என்று தொடங்கி ஏதோ சொல்லப் பார்த்தார். ஆடு ஒன்று அவர் காவித் துண்டைக் கடித்து இழுத்தது. முதலில் சிரித்தவர் பவுல்ராஜ் வாத்தியார். ஏற்கெனவே எழுதிக் கொடுத்த சனங்கள் சிரிக்கவில்லை. "எங்க பத்திரத்த எடுங்க சாமி" என்று கண்ணாடி அறையைச் சூழ்ந்துகொண்டார்கள். அன்றைக்கு அவரால் எந்த வெளிக்கும் போக முடியவில்லை.

தங்கமுத்து தோட்டத்துக்கு வந்து வரப்பில் நின்றார். இதையா தூக்கிக் கொடுக்கப் போனோம் என்று குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார். வாடிய சம்பங்கியும் அவருக்கு அழகாகத் தெரிந்தது.

"அப்ப டிவியில அழுத மனுசன் சொன்னதும் பொய்யா?" என்று பின்னாலேயே வந்த கௌசல்யாவிடம் கேட்டார்.

"அவரு ஏன் பொய் சொல்லப்போறாரு? நெசமாப் போயிப் பாத்தவரு, பூமியப் பத்திரமாப் பாத்துக்கங்கன்னாரு. படுத்துக்கிட்டே பாத்தவருதான் பூமிப் பத்திரத்தக் கொண்டாங்கன்னாரு."

பூமியை முழுசாகப் பார்க்க ராக்கெட் ஏறத்தான் வேண்டும். எதிரில் நிற்கும் ஆளை முழுசாகப் பார்க்க அவ்வளவு உயரம் போக வேண்டாம் ஐயா, நம் கழுத்துக்கு மேலே கொஞ்சம் போனால் போதும்.