இருமுறை இருமு

இந்த வீட்டுக்குக் கார் வரக்கூடாது என்று பிழையார் ஒரு முடிவுக்கு வந்தார். வந்தபோது பதினேழாம் எண் பேருந்தில் அரைத்தூக்கத்தில் இருந்தார்.

பிழையார் என்பது அச்சகத்தில் வைத்த பெயர். இருபத்தாறு வருடமாக அங்கே பிழை திருத்துகிறார். அடுத்தவன் எழுத்தில் விட்ட காலையும் கொம்பையும் தேடிப் பிடித்துப் பொருத்துகிற வேலை. சாயங்காலம் கண் எரியும், கழுத்து வலிக்கும். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால், "சும்மாதானே இருக்கீங்க?" என்று ஒரு குரல் வரும். அதன் பிறகு சும்மா இருக்க முடியாது.

ஆகவே மனுஷன் தூங்கியது பேருந்தில்தான். முதல் நிறுத்தத்தில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்குகிறவர். ஜன்னலோரம். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். "சார், எழுந்திரிங்க, இதுக்கு மேல ரோடு இல்ல" என்று கண்டக்டர் எழுப்புவார். அந்த எண்பது நிமிடத்தில்தான் அவர் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. மனைவிக்கு அச்சகத்துக்கு அடுத்த தெருவில், மருந்துக்கடையில் வேலை. அவள் போவது விடிகாலை முதல் பேருந்து, சந்தைக்காரர்கள் முண்டியடித்து ஏறுவது. அதில் உட்கார இடம் கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

"ஏங்க, ஒரு பழைய கார் வாங்கிடலாமா?"

"யாரு ஓட்டுறது?"

"லைசென்ஸ் யார்கிட்ட இருக்கு?"

அவரிடம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அதில் தலை நிறைய முடியோடு ஒருவன் சிரித்துக்கொண்டிருப்பான்.

"இடுப்பு விட்டுப்போச்சுங்க. நின்னே போயி நின்னே வர்றேன். நீங்க மட்டும் படுத்துக்கிட்டுப் போறீங்க."

"உக்காந்துக்கிட்டு."

"வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்தா அதுக்குப் பேரு படுக்கிறதுதான்."

மருந்துக்கடைக்கு வரும் பல் டாக்டர் ஒருவர் தன் காரை விற்கிறாராம். துண்டுக் காகிதத்தில் விளம்பரம் எழுதிக் கொடுத்திருந்தார்: 'ஒரே கை ஓட்டிய கார்.' பிழையார் பழக்க தோஷத்தில் பேனாவை எடுத்தார்.

"ஒரே கை ஓட்டுச்சாம். இன்னொரு கை என்ன பண்ணுச்சு?"

"உங்கள மாதிரி சும்மா இருந்திருக்கும். ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றோம்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாள். இனி அவளிடம் வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. அப்படிச் சொல்லி அவர் ஜெயித்ததே கிடையாது. வேண்டாம் என்பதை வேறொருவன் சொல்ல வேண்டும். கார் தெரிந்தவன் சொல்ல வேண்டும். அச்சகத்து வேனைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கைப் பிடித்தார். எல்லாரும் அவனை நட்டு என்று கூப்பிடுவார்கள்.

"நட்டு, நீ வண்டியைப் பாரு. பார்த்துட்டு இருமுறை இருமு."

"இருமுறேன் சார். எத்தனை முறை?"

"இருமுறை."

"அதான் இருமுறேன்னு சொல்றேனே. எத்தனை முறை?"

"ரெண்டு தரம்யா! ரெண்டு தரம் இருமிட்டு, 'அக்கா, இன்ஜின் போச்சு, இது தேறாது'ன்னு சொல்லு."

"இன்ஜின் நல்லா இருந்தா?"

"அப்பவும் இருமு."

சனிக்கிழமை மத்தியானம் பிழையார் சோபாவில் நிம்மதியாகத் தூங்கினார். இரண்டு மணி நேரம். சும்மாதானே என்ற குரல் அன்றைக்கு வரவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பல் டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். கார் ஒரு காலத்தில் வெள்ளை. அந்த வீட்டில் மஞ்சள் படிந்திருந்தது அது ஒன்றுதான். நட்டு மூடியைத் தூக்கிப் பார்த்தான். சாவியைத் திருகினான். முதல் திருகிலேயே இன்ஜின் எழுந்துகொண்டது. பிழையார் எந்தக் காலையிலும் அப்படி எழுந்ததில்லை.

நட்டு அவரைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

"லொக். லொக்."

அவ்வளவுதான். மனைவி கைப்பையைத் திறந்தாள்.

"இந்தாங்க தம்பி, இருமல் மிட்டாய். எங்க கடையிலேயே நல்லது இதுதான். வாயில அடக்கிக்குங்க, பேசாதீங்க." பிறகு டாக்டரிடம் திரும்பினாள். "நேத்து இவரு சோபாவுல தூங்கிக்கிட்டே, 'இருமுறை இருமு நட்டு, இருமுறை இருமு'ன்னு ஒரே புலம்பல். பாவம், யாருக்கோ இருமல் வரப்போகுதுன்னு புரிஞ்சுபோச்சு. வாங்கி வச்சுட்டேன்."

பிழையார் குனிந்து கார்ச் சக்கரத்தை ஆராய ஆரம்பித்தார்.

"இன்ஜின் தங்கமா இருக்குக்கா" என்றான் நட்டு. மிட்டாய் வாயில் இருந்தால் பொய் வராது போலிருக்கிறது.

தனியாகப் போராட வேண்டியதுதான். பிழையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தானே களத்தில் இறங்கினார். இருபத்தாறு வருடத் தொழில். எழுத்தில் பார்த்ததைத் தகரத்தில் பார்க்கத் தெரியாதா?

"சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று மனைவி காகிதமும் பேனாவுமாக நின்றாள். அவளே கேட்கிறாளே என்று அவருக்கு உற்சாகம் வேறு.

"கதவுக்கு அடியில துரு. எழுதிக்க. ஹாரன் ஊமை. இந்த ஜன்னல் கண்ணாடி ஏத்தினா நிக்கல, தானா இறங்குது. டாக்டர், கியர்ல பல்லு தேஞ்சிருக்கு!"

டாக்டரின் முகம் வாடியது. "எந்தப் பல்லு?"

"ரெண்டாவது. பிடிக்க மாட்டேங்குது."

"பிடுங்கிடலாமா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடுத்தது இடப்பக்கம் வெளியே, பின்னால் வருகிற வண்டியைக் காட்டும் கண்ணாடி. பிழையார் லேசாகத்தான் தொட்டார். உள்ளே கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். கண்ணாடி கழன்று கையோடு வந்துவிட்டது. அதில் தன் முகத்தைப் பார்த்தார். ஜெயித்த முகம். அவரே அதைப் பார்த்துப் பல வருடம் ஆகிவிட்டது.

"ஆக மொத்தம் பதினொரு பிழை!"

டாக்டர் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். "சார், போதும். பாதி விலைக்கு எடுத்துக்குங்க. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தீங்கன்னா விக்கிறதுக்கு வண்டியே இருக்காது."

"பாதி விலையா? சும்மா கொடுத்தாக்கூட..."

"எடுத்துக்கிறோம் டாக்டர்" என்றாள் மனைவி. "இதுக்குத்தாங்க உங்களைக் கூட்டிட்டு வந்தேன். உங்க கண்ணுல இருந்து ஒரு தப்பும் தப்பாது."

பிழையாரின் கையில் மிச்சம் இருந்தது ஒரே ஆயுதம்.

"நான் ஓட்ட மாட்டேன்."

"நீங்க எதுக்கு ஓட்டணும்?" கைப்பையிலிருந்து இன்னொன்று வந்தது. லைசென்ஸ். புத்தம் புதுசு. அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "மூணு மாசமா தையல் கிளாஸுன்னு சொல்லிட்டுப் போனேனே, ஒரு தலையணை உறையாவது நான் தைச்சுப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. ஆனால் தலையணை என்ற சொல் காதில் விழுந்ததும் பிழையாருக்குள் ஏதோ மலர்ந்தது. இவள் ஓட்டப்போகிறாள். அப்படியென்றால் பேருந்து போனால் போகட்டும்.

"அப்ப நான் பின் சீட்டுல..." என்றார் மெதுவாக. "கொஞ்சம் சாஞ்சுக்கலாம் இல்ல?"

மனைவி காகிதத்தை விரித்தாள்.

"பிழை கண்டுபிடிச்சது யாரு?"

"நான்."

"திருத்துறது?"

இருபத்தாறு வருடமாக அந்தக் கேள்விக்கு அவர்தான் பதில்.

"ஹாரன் ஊமை. வழி விடுங்கன்னு நீங்க கத்துவீங்க. ஜன்னல் இறங்குது. ஒரு கையால பிடிச்சுக்குவீங்க. இடப்பக்கக் கண்ணாடி உங்க கையோட வந்துடுச்சு, இனி அந்தக் கண்ணாடி நீங்கதான். பின்னாடி என்ன வருதுன்னு பார்த்துச் சொல்லணும். முன் சீட்டுல உக்காருங்க."

"நட்டு!" என்று அலறினார் பிழையார். "புதுக் கண்ணாடி போட்டுடலாம் இல்ல?"

நட்டு மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினான்.

"பழைய மாடல் சார். தேடித்தான் பிடிக்கணும். ஆறு மாசம் ஆகும்."

"தொண்டையைப் பார்த்துக்குங்க தம்பி" என்று மனைவி மிட்டாய் டப்பாவையே அவனிடம் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பிழையார் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை ஜன்னலைப் பிடித்திருந்தது. தலை வெளியே. மூக்கில் கண்ணாடி.

"பின்னாடி என்ன வருது?"

"பதினேழு."

பேருந்து இடப்பக்கமாகவே புகுந்து, அவரை உரசாத குறையாகத் தாண்டிப் போனது. ஜன்னலோரம், அவர் இடத்தில், யாரோ ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். பிழையார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வாய் தானாகத் திறந்தது.

மனைவி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏங்க, கண்ணாடி கொட்டாவி விடுது."