முகமூடி வீரன் மரத்தை அளந்த கதை

இந்தத் தடவை மனைவியை ஜெயித்தே தீருவது என்று வேதசிரோமணி சனிக்கிழமை காலை பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இப்படிப்பட்ட முடிவுகளை அவர் நிறையவே எடுத்திருக்கிறார். எல்லாம் வாய் கொப்பளிப்பதற்குள் கலைந்துவிடும். இது மட்டும் காபிக்குப் பிறகும் நின்றது.

விஷயம் ஒரு நாவல் மரம். கிழக்குத் தாம்பரத்தில் அவர் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மனைவியின் அண்ணன் தேவானந்தம் தன்னுடைய பழைய காரை இவருக்கே விட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். கார் வந்தால் ஷெட் வேண்டும். ஷெட் வேண்டுமானால் மரம் போக வேண்டும். வேறு இடம் கிடையாது.

ஆனால் அந்த நிழலில்தான் மனைவி ரத்தினபாய் தையல் கிளாஸ் நடத்திக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கூரை ஆஸ்பெஸ்டாஸ். பகலில் உள்ளே உட்கார்ந்து தைத்தால் ரவிக்கை முடிவதற்குள் தைப்பவள் வெந்துவிடுவாள். மரம் போனால் கிளாஸும் போச்சு.

“என் கிளாஸ்ல படிக்கிறவங்க எல்லாரும் சரின்னு சொன்னா தாராளமா வெட்டிக்குங்க” என்று ரத்தினபாய் சொல்லியிருந்தாள்.

இது போதாதா? ஞாயிற்றுக்கிழமை வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, அந்தப் பெண்களைக் கூப்பிட்டுப் படம் போட்டுக் காட்டி, மனசைக் கரைத்துச் சம்மதம் வாங்கிவிடுவது. சம்மதம் ஆறிப்போவதற்குள் மரத்தைச் சாய்த்துவிடுவது. அன்றைக்கே கிளாஸ் பெண்களுக்கெல்லாம் படம் என்று சொல்லிவிட்டு, மரம் வெட்டுகிற மாரியையும் கோடாலியோடு படத்துக்கே வரச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை சர்ச் முடிந்து நேராக சிட்டிபாபுவின் வீடியோ கடைக்குப் போனார். ஒரு கேசட் அட்டையைப் பார்த்ததும் அவருக்குப் புல்லரித்தது. பச்சை முகமூடி போட்ட ஒரு வீரன். நெற்றியில் பெரிய இலை. தலைக்கு மேலே ஓங்கிய கோடாலி. அவன் பின்னால் கண்ணும் வாயும் உள்ள ஒரு ராட்சச மரம்.

“இது என்ன படம் சிட்டிபாபு?”

“ஜப்பான் படம் சார். வேணாம். எடுத்துக்கினு போனவங்க எல்லாம் ஒண்ணுமே புரியலன்னு என்னைத் திட்டறாங்க.”

“கீழே இங்கிலீஷ்ல எழுத்து ஓடுமா?”

“ஒரு எழுத்தும் ஓடாது சார்.”

“இதையே கொடு.”

ஒருத்தருக்கும் புரியாத படம்! கதையை இவர் இஷ்டத்துக்குச் சொல்லலாம். மரம் பிசாசு, வீரன் வெட்டுகிறான், ஊர் பிழைக்கிறது. அவருக்கு ஜப்பான் பாஷை தெரியும் என்று தெருவே நம்பியது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு ஒருமுறை ஜப்பான் இன்ஜினியர்கள் வந்திருந்தார்கள். இவர் அவர்களுக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். நிமிர்ந்தபோது பாஷையும் வந்துவிட்டதாக வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டார்.

டெக்கைப் பார்த்ததும் ரத்தினபாய் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சுண்டலுக்கு அடுப்பு மூட்டினாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

மத்தியானம் கூடம் நிரம்பிவிட்டது. முன் வரிசையில் பக்கத்து வீட்டுக் கிளியம்மாள். தாம்பரம் வயலாக இருந்த காலத்திலிருந்து அங்கே இருக்கிற குடும்பம். தையல் கிளாஸில் மூத்த மாணவியும் அவள்தான். கதவோரம் மாரி, மடியில் கோடாலி. வேதசிரோமணி டி.வி. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதையை ஆரம்பித்தார்.

“இது ஒரு காடு. இதனால ஊருக்கே கெடுதல். உள்ளே ஒரு பிசாசு மரம் இருக்கு.”

“அந்தக் கம்பெனிலேர்ந்து கருப்பா பொக வருதே, அது இன்னா தம்பி?” என்றாள் கிளியம்மாள்.

“அது சாம்பிராணி. பிசாசை விரட்டப் போடறாங்க.”

“ஆத்துல மீனெல்லாம் செத்து மிதக்குதேங்க?” என்றாள் ரத்தினபாய்.

“மரம் கடிச்சிடுச்சு.”

“மரம் மீனைக் கடிக்குமா?”

“ஜப்பான் மரம் கடிக்கும்.”

அப்போது முகமூடி வீரன் மூன்று குட்டிக்கரணம் போட்டு வந்து சேர்ந்தான். கூடமே கைதட்டியது. வேதசிரோமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். வீரன் நேராக அந்தப் பெரிய மரத்திடம் போனான். போய் அதை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“இன்னா தம்பி, கட்டிப் புடிக்கிறான்?”

“கட்டிப்பிடிக்கல. அளவு எடுக்கிறார். வெட்டறதுக்கு முன்னாடி சுற்றளவு தெரியணும் இல்ல?”

“நான் கயிறு போட்டுத்தான் சார் அளப்பேன்” என்றான் மாரி. தொழில் சம்பந்தமாக அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“அளவு எடுக்கும்போது அழுவாங்களா?” என்றாள் ரத்தினபாய்.

“அது வியர்வை.”

“முகமூடிக்கு மேலேயா வியர்க்கும்?”

“நீ சுண்டலைக் கொடு முதல்ல.”

அடுத்து கோட்டு சூட்டு, மூக்குக்கண்ணாடியோடு ஒருத்தன் வந்தான். பையிலிருந்து டேப்பை எடுத்து மரத்தைச் சுற்றிப் பிடித்து அளந்தான். அன்றைக்குக் காலையில்தான் வேதசிரோமணி மனைவியின் தையல் டேப்பை எடுத்துப்போய் நாவல் மரத்தை அளந்திருந்தார். தெருவே பார்த்திருந்தது. இப்போது எல்லாத் தலைகளும் டி.வி.யிலிருந்து திரும்பி அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தன.

“இவர் ரொம்ப நல்லவர். கவர்மெண்ட் அதிகாரி” என்றார் அவசரமாக.

நல்லவரின் கோட்டு டர்ரென்று கிழிந்தது. உள்ளேயிருந்து தார் வழிய ஒரு பூதம் புறப்பட்டது. இரண்டு மூக்கிலும் புகை.

“நல்லவருக்கு இன்னாத்துக்கு மூக்குல பொக வருது?”

“ஜலதோஷம்.”

கிளியம்மாள் சிரித்த சிரிப்பில் சுண்டல் சிதறியது. அதோடு இவர் கதையும் சிதறியது. கோடாலியை எடுத்தது பூதம்தான். மரத்தின் மேல் ஒரே போடு. வாயைத் திறந்து அந்த மரம் அலறிய அலறலுக்கு எந்த பாஷையும் தேவைப்படவில்லை. வீரன் பாய்ந்து கோடாலியைப் பிடுங்கினான், தலைக்கு மேலே ஓங்கினான். ஆ, அட்டைப்படம்! வேதசிரோமணிக்கு உயிர் வந்தது. “பாருங்க, இப்ப வெட்டப் போறார்!” என்று எழுந்தே நின்றுவிட்டார். வீரன் கோடாலியை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்துத் தூக்கி எறிந்தான்.

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாரி எழுந்தான்.

“எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது சார். ஆனா மூக்குல பொக வுடறான் பாரு, அவன் பண்ற வேலைய நான் பண்ண மாட்டேன். தெரிஞ்சா வூட்ல என் பொண்டாட்டி சோறு போட மாட்டா.” கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான்.

வேதசிரோமணிக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. அப்போது ரத்தினபாய் எழுந்து நின்றாள்.

“யாரும் அவரைத் தப்பா நினைக்காதீங்க. பாஷை தெரிஞ்சவர், படம் தெரியாமலா எடுத்துட்டு வந்தார்? மரத்தை வெட்டறது எவ்வளவு பெரிய பாவம்னு நமக்குக் காட்டத்தான் இவ்வளவு நேரம் தமாஷ் பண்ணினார். இந்த மரம் இனிமே அவர் பொறுப்பு.”

கைதட்டல் முகமூடி வீரனுக்குக் கிடைத்ததைவிடப் பலமாக இருந்தது. வேதசிரோமணி என்ன செய்வார்? ஜப்பான் முறையில் இடுப்பு வரை குனிந்து வணக்கம் வைத்தார். தோற்றதில் வருத்தம்தான். மானம் தப்பியதில் சந்தோஷம் அதைவிடக் கூடுதல்.

எல்லாரும் போனபின் ரத்தினபாய் கேசட்டைத் திருப்பிச் சுற்ற விட்டுவிட்டுத் தட்டுகளைப் பொறுக்கினாள். வேதசிரோமணி மெல்லக் கேட்டார்.

“சரி, மரம் இருந்துட்டுப் போகட்டும். நாளைக்குக் கார் வந்தா எங்கே நிறுத்தறது?”

“கார் வராதுங்க.”

“ஏன்?”

“நேத்து சாயங்காலம் சர்ச்சுல பாட்டு பிராக்டிஸுக்கு அண்ணன் வந்திருந்தார். காரை வேற யாருக்காவது கொடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன். படப்பையிலேர்ந்து ஒருத்தர் வந்து நேத்தே ஓட்டிட்டுப் போயாச்சு.”

வேதசிரோமணி நாற்காலியில் சரிந்தார்.

“நேத்தேவா? அடிப்பாவி, அதை நேத்தே என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா இன்னிக்கு டெக் எடுத்துட்டு வந்திருப்பீங்களா?” என்றாள் ரத்தினபாய்.